பைக்குக் காவல் யார்? புதிதாகச் சேரும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு

பி.பி.எட். முடித்து, பணி ஆணை வாங்கி, புது விசிலோடு கிரவுண்டில் இறங்கும் முதல் நாள் ஓரத்தில் இருக்கும் மரத்தடியைப் பாருங்கள். வகுப்பே ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே ஒரு பிள்ளை மட்டும் உட்கார்ந்திருக்கும். முன்னால் பைகள், கழற்றிப் போட்ட செருப்புகள், நாலைந்து வாட்ச், இரண்டு மூக்குக் கண்ணாடி. அந்தப் பிள்ளைக்கு யாரோ கொடுத்த வேலை, காவல்.

நானும் அப்படி ஒரு பையனை உட்காரவைத்தவன்தான். ஏழாம் வகுப்பு. மூளை முடக்குவாதத்தால் இடது கையும் காலும் இறுகி இருக்கும். விழுந்துவிடுவானே என்ற பயத்தில் மரத்தடிக்கு அனுப்பினேன், அதை அன்பு என்றே நம்பினேன். ஒரு வருடம் கழித்து அவன் அம்மா ரேங்க் கார்டோடு வந்தார். "சார், உடற்கல்விக்கு ஏ கிரேடு போட்டிருக்கீங்க. என் பையன் என்ன விளையாடுறான்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்தக் கேள்விதான். அந்தப் பிள்ளையை ஓரத்தில் உட்காரவைப்பது இரக்கமில்லாத செயல் மட்டுமில்லை, சட்டப்படியும் தவறு. அது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. உங்களுக்கு முதல் வாரமே தெரிந்திருக்கட்டும்.

முதலில் சட்டம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 16ஆம் பிரிவை மட்டுமாவது ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். அரசு நடத்தும், நிதி தரும் அல்லது அங்கீகரித்த எந்தக் கல்வி நிறுவனமும் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளைப் பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும். மற்றவர்களுக்குச் சமமாகக் கல்வியும், விளையாட்டு மற்றும் பொழுதுபோக்கு வாய்ப்பும் தர வேண்டும் என்கிறது. விளையாட்டு என்ற சொல் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. கணக்கு வகுப்புக்கு எவ்வளவு கடமையோ, பி.டி. பீரியடுக்கும் அவ்வளவு கடமை.

அதே பிரிவு இன்னொன்றையும் கேட்கிறது: அந்தந்தப் பிள்ளையின் தேவைக்கேற்ற நியாயமான மாற்றங்கள். விதியைக் கொஞ்சம் தளர்த்துவது, பந்தை மாற்றுவது, கூட ஓட ஒரு துணையைத் தருவது எல்லாம் இதில் அடங்கும். பள்ளியால் தாங்க முடியாத செலவையோ சுமையையோ சட்டம் கேட்கவில்லை. ஆனால் செய்யக்கூடிய மாற்றத்தைச் செய்யாமல் மறுப்பதே பாகுபாடு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. "எல்லாருக்கும் ஒரே விதிதான்" என்று சொல்லி ஒரு பிள்ளையை வெளியே நிறுத்துவது கேட்க நியாயம் போல இருக்கும், சட்டத்தின் முன் நிற்காது.

"மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறதா?" என்று கேட்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் போன்ற ரத்த நோய்கள் எல்லாம் அதில் உண்டு. பார்த்தால் ஒன்றும் தெரியாது. தேர்வில் தனக்காக எழுத ஓர் உதவியாளர் கேட்ட ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல், 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று இருந்தால்தான் இத்தகைய வசதி கிடைக்கும் என்று சொல்ல முடியாது எனத் தெளிவாக்கியது. அட்டை உதவித்தொகைக்கும் இடஒதுக்கீட்டுக்கும் தேவை. பந்தின் அளவை மாற்ற உங்களுக்குத் தேவைப்படாது.

இந்த இடத்தில் நாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொது இடத்தில் பலர் பார்க்க ஒரு மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தால் அதே சட்டத்தின் 92ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கிரவுண்டில் பட்டப்பெயர்கள் பிறப்பது சுலபம். மாணவர்கள் வைக்கும் பெயரைக் கேட்டும் கேட்காததுபோல விசில் ஊதிவிட்டுப் போகாதீர்கள். நான் நொண்டி ஆட்டத்தைக்கூட என் வகுப்பில் ஒற்றைக்கால் ஆட்டம் என்றுதான் சொல்வேன். பிள்ளைகள் இரண்டே நாளில் பழகிவிட்டார்கள்.

முதல் வாரம்: யார் யார் இருக்கிறார்கள்?

பந்து அறையைச் சுத்தம் செய்வதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். எமிஸ் (மாணவர் விவரங்களைப் பதியும் அரசுத் தளம்) பொறுப்பாளரிடம் சிறப்புத் தேவையுள்ள மாணவர் பட்டியலைக் கேளுங்கள். பிறகு வகுப்பாசிரியர்களிடம் தனித்தனியாகப் பேசுங்கள், பட்டியலில் வராத பெயர்கள் அங்கேதான் கிடைக்கும். வட்டார வள மையத்தில் உள்ளடக்கிய கல்விக்கான சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள். அவர்கள் பள்ளிக்கு வரும் நாளைத் தெரிந்துகொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள். "இந்தப் பிள்ளை எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது?" என்ற இரண்டு கேள்வி போதும்.

பெற்றோரிடமிருந்து "கடினமான பயிற்சி கூடாது" என்று டாக்டர் சீட்டு வரும். அதை வாங்கி வைத்துக்கொண்டு பிள்ளையை மரத்தடிக்கு அனுப்பினால் வேலை முடிந்ததாகத் தோன்றும். முடியவில்லை. எது கடினம், எது செய்யலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள். பெரும்பாலும் நடக்கலாம், எறியலாம், நீட்டி மடக்கும் பயிற்சி செய்யலாம் என்றுதான் பதில் வரும்.

சில உடல்நிலைகளைப் பற்றி உடற்கல்வி ஆசிரியருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தெலும்பின் மேல் மூட்டு தளர்ந்திருக்கும். டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது, பந்தைத் தலையால் முட்டுவது எதுவும் வேண்டாம். நீலகிரிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: அங்குள்ள பழங்குடிப் பிள்ளைகளிடையே அரிவாள் செல் நோய் உண்டு. உடலில் நீர் குறைந்தாலோ, அதிகம் களைத்தாலோ, குளிர் தாக்கினாலோ அவர்களுக்குக் கடும் வலி வரலாம். அந்தப் பிள்ளை தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டு நிற்கும் நிலையே வரக் கூடாது. ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் வகுப்பறைப் பையில் இருக்கக் கூடாது, கிரவுண்டுக்கு வர வேண்டும். இன்சுலின் போடும் பிள்ளை விளையாடும்போது திடீரென்று வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுங்கள். உங்கள் முதலுதவிப் பெட்டியில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் இருக்கட்டும்.

வலிப்பு வந்தால் கையில் சாவியைக் கொடுக்க ஒரு கூட்டமே ஓடி வரும். வேண்டாம். கையிலும் எதுவும் வேண்டாம், வாயிலும் எதுவும் வேண்டாம். சுற்றியுள்ளதை விலக்கி, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. இதை வகுப்புக்கே ஒரு மழைநாளில் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

இந்த விவரங்களை ஒரு நோட்டில் எழுதி உங்களிடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் நோயை வகுப்பு முன்னால் படித்துக் காட்டாதீர்கள்.

பாடத்தை எப்படி மாற்றுவது?

நாலு விஷயங்களை மாற்றிப் பார்க்கலாம்: இடம், செய்யும் வேலை, கருவி, ஆட்கள். ஒரே நாளில் நாலையும் மாற்ற வேண்டாம். ஒன்றைத் திருப்பிப் பார்த்து, போதவில்லை என்றால் அடுத்தது.

நான் முன்னால் சொன்ன அந்தப் பையனோடு கைப்பந்து எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். உட்கார்ந்து ஆடும் கைப்பந்து பாராலிம்பிக்கில் இருக்கும் ஆட்டம். களம் 10 மீட்டருக்கு 6 மீட்டர், வலை ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர் உயரம். என்னிடம் அந்த வலையும் இல்லை, தளமும் இல்லை. பிரார்த்தனைக் கூடத்துச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு நாற்காலிக்கு நடுவே கயிறு கட்டி, அதில் பழைய துண்டைத் தொங்கவிட்டேன். பந்து கடினமாக இருக்கிறது என்று பெரிய பலூனில் ஆரம்பித்தோம். எல்லாரும் உட்கார வேண்டும், அடிக்கும்போது இடுப்பு தரையை விட்டு எழும்பக் கூடாது என்பது மட்டும்தான் விதி. அவன் வீட்டில் வருடக்கணக்காகத் தரையில் நகர்ந்து பழகியவன். வலது கையை ஊன்றி ஒரே தள்ளில் பக்கவாட்டில் போய்விடுவான். பள்ளி அணியில் ஸ்மாஷ் அடிக்கும் பையனால் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு முழம் நகர முடியவில்லை. மூன்றாவது வாரம் அவர்களே பலூனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பந்து கேட்டார்கள்.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு மணி வைத்த பந்து கிடைத்தால் நல்லது. கிடைக்கவில்லையா, பந்தை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி முடிச்சுப் போடுங்கள். உருளும்போது சரசரவென்று கேட்கும். வகுப்பு அமைதியாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டம், அதுவும் ஒரு பயிற்சியாகிவிடும். ஓட்டத்துக்கு இரண்டு பேர் ஒரு சிறு கயிற்றின் இரு முனைகளைப் பிடித்து ஓடலாம். துணை ஓட்டக்காரர் முன்னால் இழுக்கக் கூடாது, பக்கத்தில் ஓட வேண்டும். இதை முதலில் நடையாகப் பழக்குங்கள். குறைந்த பார்வை உள்ளவர்களுக்குச் சுண்ணாம்புக் கோட்டை இரண்டு மடங்கு தடிமனாகப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

காது கேளாத பிள்ளைக்கு விசில் மட்டும் போதாது. விசிலோடு சேர்த்துக் கையில் ஒரு சிவப்புக் கொடியை உயர்த்துங்கள், ஓட்டம் தொடங்கும்போது கொடியை இறக்குங்கள். பேசும்போது சூரியனுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், உங்கள் முகம் இருட்டாகிவிடும், உதட்டசைவு தெரியாது. மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா 2022-இல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பாட்மின்டனில் மூன்று தங்கம் வாங்கினார். இந்த மாதிரிப் பெயர்களை வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் கிரவுண்டின் இரைச்சல்தான் பெரிய சங்கடம். இன்றைக்கு என்னென்ன செய்யப் போகிறோம் என்று நாலு படம் வரைந்து வரிசையாகக் காட்டிவிட்டால், அடுத்து என்ன வரும் என்ற பதற்றம் குறையும்.

மதிப்பெண் போடும்போது, இந்தப் பிள்ளை ஜூனில் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு ஜூனிலேயே ஒரு வரி எழுதி வைத்திருக்க வேண்டும்.

அலட்சியம் என்று எதைச் சொல்வார்கள்?

அடிபட்டுவிட்டால் நம் தலையில் விழுமே என்ற பயம்தான் பல ஆசிரியர்களைப் பிள்ளைகளை ஓரங்கட்ட வைக்கிறது. விளையாட்டில் அடிபடும், அது எல்லாருக்கும் தெரியும். அடிபட்டது என்பதற்காக மட்டும் யாரும் குற்றவாளி ஆவதில்லை. முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய ஆபத்தைத் தடுக்காமல் விட்டீர்களா என்பதுதான் கேள்வி. 1995-இல் பியாஸ் ஆற்றங்கரைக்குச் சுற்றுலா போன 14 பள்ளி மாணவர்கள் மூழ்கி இறந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பு சொன்னபோது, ஆசிரியரின் கவனிப்பு அளவு சூழலுக்குச் சூழல் மாறும் என்றது. பள்ளி முடிந்து வெளியே போகும் பிள்ளையைவிட விளையாட்டுத் திடலில் இருக்கும் பிள்ளைக்கு மேற்பார்வை கூடுதலாகத் தேவை, ஆற்றங்கரை என்றால் இன்னும் பல மடங்கு. அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. "எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல" என்று பெற்றோரிடம் வாங்கும் கையெழுத்து அதிலிருந்து உங்களைக் காப்பாற்றாது.

காப்பாற்றுவது தினசரிப் பழக்கம்தான். வகுப்புக்கு முன் திடலை ஒரு சுற்று நடந்து வாருங்கள்: கண்ணாடிச் சில்லு, முள், பள்ளம், ஆடும் கோல் போஸ்ட். மணல் குழியைக் கிளறிவிடுங்கள், இரவில் யாராவது பாட்டிலை உடைத்துப் போட்டிருப்பார்கள். ஈட்டி, வட்டு, குண்டு எறிதல் நடக்கும் பக்கத்தில் வேறு எந்த ஆட்டமும் கூடாது. எறிந்த ஈட்டியை எடுக்கப் போவது நீங்கள் சொன்ன பிறகுதான், எல்லாரும் சேர்ந்து நடந்துதான். இதில் தயவே காட்டாதீர்கள். விசிலை மாணவத் தலைவன் கையில் கொடுத்துவிட்டு ஆபீஸ் வேலைக்குப் போகாதீர்கள். தலைமையாசிரியர் கூப்பிட்டாலும், "வகுப்பு கிரவுண்டில் இருக்கு சார், முடிந்ததும் வரேன்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

மார்ச் முதல் வெயில் மாதங்களில் நண்பகல் பீரியடை நிழலுக்கு மாற்றுங்கள். தலைசுற்றல், வாந்தி, சம்பந்தமில்லாத பேச்சு என்று ஒரு பிள்ளையிடம் பார்த்தால் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை ஈரத்துணியால் குளிர்வித்து, 108-ஐக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை "ஒண்ணுமில்லை சார்" என்று எழுந்து நின்றாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. கழுத்திலோ முதுகிலோ அடி என்று சந்தேகம் வந்தால் தூக்கி உட்காரவைக்காதீர்கள்.

விபத்துப் பதிவேடு ஒன்று தொடங்குங்கள். நேரம், இடம், என்ன நடந்தது, அப்போது நீங்கள் எங்கே நின்றீர்கள், என்ன முதலுதவி, பெற்றோருக்கு எத்தனை மணிக்குச் சொன்னீர்கள். அன்றைக்கே எழுதுங்கள், மறுநாள் ஞாபகத்தில் பாதி மாறிவிடும். திடலில் உள்ள பழுதைத் தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசுங்கள்.

தண்டனையும் தொடுகையும்

நம் துறைக்குக் கெட்ட பெயர் வந்தது இந்த இடத்தில்தான். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பிரம்பு மட்டும்தான் தண்டனை என்று நினைக்க வேண்டாம். முட்டி போடவைப்பது, சுவரோரம் நாற்காலி போல நிறுத்துவது, வெயிலில் நிறுத்துவது, தாமதமாக வந்ததற்குப் பத்து ரவுண்டு ஓடவிடுவது எல்லாம் அந்தக் கணக்கில் வந்துவிடும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவில், குழந்தைகளின் பராமரிப்புப் பொறுப்பில் உள்ள நிறுவனத்தின் ஊழியர் கொடுமை செய்தால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல். அது தவிர, ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க ஓட்டத்தை வெறுக்கும். நாம் கற்றுக்கொடுக்க வந்ததற்கு நேர் எதிர் இது.

கரணம் போடவோ உயரம் தாண்டவோ சொல்லிக்கொடுக்கும்போது தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். "முதுகைப் பிடிக்கப் போகிறேன், சரியா?" என்று கேட்டுவிட்டு, எல்லாரும் பார்க்கும் இடத்தில் பிடியுங்கள். பந்து அறையில் தனியாக ஒரு பிள்ளையோடு இருக்காதீர்கள். வெளியூர்ப் போட்டிக்கு மாணவிகள் போனால் ஆசிரியை ஒருவர் கூடவே போக வேண்டும், உடை மாற்றும் அறைக்குப் பூட்டு இருக்கிறதா என்று அவர் முதலில் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் வகுப்பறையில் சொல்லாததை உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்வார்கள். பாலியல் தொல்லை என்று தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. உள்ளேயே பேசித் தீர்க்கலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்களே விசாரணை நடத்தவும் வேண்டாம், பிள்ளையின் பெயரை வெளியே சொல்லவும் வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098 எந்நேரமும் உண்டு, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

அணி பிரிக்கும்போது

இரண்டு கேப்டனை நிறுத்தி "ஆளைத் தேர்ந்தெடு" என்று சொல்லாதீர்கள். கடைசியாக நிற்பது யார் என்று உங்களுக்கே தெரியும். தமிழ்நாட்டில் அதற்குமேல் ஒரு காரணமும் உண்டு: நண்பர்களாகச் சேரட்டும் என்று விட்டால் பல ஊர்களில் தெருவாரியாக, அதாவது சாதிவாரியாகத்தான் அணி சேரும். 2023-இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-இல் தந்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. அணி உடையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் உள்ளூரில் அதற்கு என்ன அர்த்தம் என்று விசாரித்துவிடுங்கள். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பிரிப்பேன். மாதாமாதம் எண்ணும் திசையை மாற்றுவேன். தண்ணீர்க் குடம் ஒன்றுதான், டம்ளரும் எல்லாருக்கும் பொதுதான்.

மாணவிகளுக்கு டென்னிகாய்ட் வளையத்தைக் கொடுத்து ஓரமாக அனுப்பிவிட்டு, திடல் முழுவதையும் மாணவர்களுக்கு விடும் பழக்கம் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. கிழமை வைத்துத் திடலைப் பிரியுங்கள். மாதவிடாய் நாளில் ஆடுவதா வேண்டாமா என்று அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும், காரணத்தை யாரிடமும் விளக்க வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது. திருநர் பிள்ளைகளுக்கும் விளையாட்டில் பாகுபாடில்லாத வாய்ப்பு தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆண் வரிசை, பெண் வரிசை என்று நிற்கவைக்காமல் உயர வரிசையில் நிறுத்தினாலே ஒரு சங்கடம் குறையும்.

போட்டிகள்

முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. அறிவிப்பு வந்ததும் தகுதியுள்ள பிள்ளைகளின் பெயரைக் கடைசி நாளுக்குக் காத்திராமல் பதிவு செய்யுங்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. உயரம் தாண்டிப் பார் என்று பள்ளியில் அவரைத் தூண்டியவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர்தான். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், பிறகு டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். எல்லாப் பிள்ளையும் பதக்கம் வாங்கப் போவதில்லை, வாங்க வேண்டியதும் இல்லை. ஆனால் "தாண்டிப் பார்" என்று ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும்.

பள்ளி விளையாட்டு விழாவில் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கென்று ஆறுதலாக ஒரு பலூன் உடைக்கும் போட்டி வைத்து முடித்துவிடாதீர்கள். ஹவுஸ் புள்ளிக் கணக்கில் சேரும் நிகழ்ச்சியாக வையுங்கள்: உட்கார்ந்து குண்டு எறிதல், துணையோடு 100 மீட்டர், உட்கார்ந்து ஆடும் கைப்பந்து. புள்ளி இருந்தால்தான் வகுப்பே சுற்றி நின்று கத்தும்.

அப்புறம் அந்தப் பைகள். பி.டி. பீரியடில் வகுப்பறையைப் பூட்டிவிடுங்கள். வாட்சுக்கும் கண்ணாடிக்கும் மூடி போட்ட ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். சாவியை விசில் கயிற்றிலேயே கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.